சோறும் சித்தமும்

உடம்புக்குள் செல்லும் பொருள்களை நம்மவர் இரண்டாகப் பகுத்துப் பேசுவது வழக்கம். ஒன்று உணவு, மற்றொன்று மருந்து. உணவு வீட்டாரைச் சேர்ந்தது, மருந்து வைத்தியரைச் சேர்ந்தது என்பது நமது எண்ணம். வள்ளுவரோ ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் பெரும்பகுதியை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். வாய் ஒன்றாயிருக்க, அதன் வழியே செல்லும் இரண்டுக்கும் இடையே சுவர் எழுப்பியவர் நாமே. அந்தச் சுவரால் விளையும் கேட்டை இக்கட்டுரையிற் சிறிது ஆராய்வோம்.

இன்று ஸ்ரீ கெம்பாங்கானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சோற்றைத் துறந்தவர் பலரைக் காண்கின்றோம். இட்டிலி, தோசை, ரொட்டி சானாய், நாசி லெமாக் யாவற்றையும் விலக்கி, முட்டையும் மீனும் இறைச்சியும் பாற்கட்டியும் தேங்காயெண்ணெயும் உண்பதே இவர்கள் நோன்பு. ‘கீட்டோ’ என்பது அதன் பெயர். வடித்த சோறு ஒரு கிண்ணத்தில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து உண்டு. இந்நோன்பினரோ நாள் முழுவதற்கும் 50 கிராமுக்கு மேற்படலாகாது என்பர். ஆகவே ஒரு கிண்ணச் சோற்றோடு அன்றையக் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். மாவுச்சத்து இவ்வாறு அருகியபோது, ஈரலானது கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்னும் பொருளை ஆக்குகின்றது. மூளையும் அதனை எரிபொருளாய் ஏற்றுக்கொள்கின்றது.

சோற்றைத் துறந்த இவர்களுள் ஒரு சாரார் மனச்சோர்வுக்கு மருந்து உண்பவர்கள். இந்நாட்டில் 2023ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 100க்கு 4.6 பேர், அதாவது ஏறத்தாழப் பத்து லட்சம் பேர், மனச்சோர்வு நோயால் வருந்துகின்றனர். ஆயினும் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். சோற்றை விட்ட செய்தியைக் கடைவீதியில் நின்று உரைப்பவரே, மாத்திரை உண்ணும் செய்தியை மனைவிக்கும் மறைக்கின்றார். மாத்திரை தரும் வைத்தியரிடமோ சோற்றை விட்ட செய்தியைச் சொல்வதில்லை. இவ்விரண்டும் ஓர் உடம்பிற் கூடலாமா? கூடின் என்னாகும்? இவ்வினாவுக்கு விடை தேடுமுன், நமது கோலாலம்பூரிலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்றை நினைவு கூர்வோம். அதுவும் சோற்றையும் சித்தத்தையும் பற்றியதேயாகும்.

ஈயமும் வெள்ளரிசியும்

ஸ்ரீ கெம்பாங்கானில் இன்று மாளிகைகளும் அங்காடிகளும் சூழ்ந்து விளங்கும் பெரிய ஏரி, முன்னாளில் ஈயச் சுரங்கமாயிருந்தது. சிலாங்கூரிலும் பேராவிலும் நெகிரி செம்பிலானிலும் இத்தகைய சுரங்கங்களில் மண் வெட்டிய சீனத் தொழிலாளரை, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கில் வாரிச் சென்றது. கால் மரக்கும்; பின் வீங்கும்; நடை தள்ளாடும்; முடிவில் இருதயம் ஓய்ந்துவிடும். காற்றின் தீமை என்றனர் சிலர். கிருமி என்றனர் சிலர். மண்ணின் ஈரம் என்றனர் வேறு சிலர்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் என்பார் ஒரு புதுமையைக் கண்டார். அதே ஊர், அதே நீர், அதே காற்று. ஆயினும் இந்நோய் சீனரைத் தாக்கிய அளவுக்குத் தமிழரைத் தாக்கவில்லை. தம் வீட்டு உரலிற் குற்றிய அரிசியை உண்ட மலாய்க் குடியானவரையும் அது பெரும்பாலும் அணுகவில்லை. சீனத் தொழிலாளர் உண்டது ஆலையில் தீட்டி வெளுத்த சயாம் அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. வேற்றுமை இனத்தில் இல்லை, அரிசியிலேயே உள்ளது என்று அவர் துணிந்து, 1907இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். வெள்ளரிசி பழையதாகும்போது அதில் நஞ்சு தோன்றுகின்றது என்று அவர் காரணம் கூறியது பிழையாயிற்று. எனினும் கண் கண்டது பிழையன்று.

புழுங்கலரிசியின் சிறப்பு யாது? நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, வெயிலில் உலர்த்தி, அதன் பின்னரே குற்றுகின்றனர். அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர் எவ்வளவு தீட்டினும் அது முழுதும் போவதில்லை. பச்சை நெல்லை ஆலையிற் கொடுத்துத் தீட்டினாலோ, சத்தெல்லாம் தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடும். இவ்வித்தையைக் கண்டவர் ஏட்டறிவில்லாத கிராமத்து மக்கள். நாள்தோறும் செய்து காத்தவர் நம் பாட்டிமார்.

அப்பாட்டிமாருக்கு நம் சமூகம் செய்த மரியாதை யாது? பச்சரிசியே மடியானது, புழுங்கலரிசி ஒருமுறை வெந்தது, ஆதலின் படையலுக்கும் பூசைக்கும் ஆகாது என்று ஆசாரக்காரர் விதித்தனர். வெண்மை உயர்வென்றும், பழுப்பு இழிவென்றும், கூலிக்காரன் அரிசியென்றும் பேசினர். தோலின் நிறத்தைக் கொண்டு மனிதனை அளந்த அதே கண் அரிசியையும் அளந்தது. இழிவென்று தள்ளப்பட்ட அவ்வரிசியே கடல் கடந்து வந்த தோட்டத் தமிழனின் நரம்பையும் இருதயத்தையும் காத்தது. ஆசாரம் காக்கவில்லை, அவித்த நெல் காத்தது.

பித்தர் விடுதியில் ஓர் ஆண்டு

1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் பித்தர் விடுதியில் பெரிபெரி கொள்ளைநோய் போலப் பரவிற்று. அங்குப் பொறுப்பிலிருந்த வைத்தியர் வில்லியம் பிளெட்சர், அரிசியே காரணம் என்னும் கொள்கையை எளிதில் நம்பியவரல்லர். நம்பாமையால் அதனைச் சோதிக்க முற்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தினார். தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நம்மை நிறுத்திப் பெயர் குறிப்பது போன்ற காட்சி அது. ஒற்றைப்படை எண் விழுந்தவர்க்குத் தீட்டிய வெள்ளரிசி. இரட்டைப்படை எண் விழுந்தவர்க்குப் புழுங்கலரிசி. மற்றைய உணவு யாவும் இருசாரார்க்கும் ஒன்றே. முற்றத்தின் இருபுறத்துமிருந்த இரண்டு கட்டடங்களில் அவர்களைத் தங்க வைத்தார். கட்டடத்தின் குற்றமோ என்னும் ஐயம் எழாதிருக்க, ஆண்டின் நடுவில் இருசாராரையும் இடம் மாற்றினார், அரிசியை மாற்றவில்லை.

1906ஆம் ஆண்டின் இறுதியிற் கணக்குப் பார்த்தபோது, வெள்ளரிசி உண்ட 120 பேரில் கால் பங்குக்கு மேற்பட்டோர் பெரிபெரியால் வருந்தினர்; 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே அந்நோய் காணப்பட்டது. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே அதனைக் கொண்டு வந்தவர்கள். ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை.

கணக்கெழுதும் தொழிலிற் காலங்கழிக்கும் நாம் இவ்வெண்களைப் படிக்குந்தோறும் இருவேறு உணர்ச்சி கொள்கின்றோம். ஒன்று வியப்பு. ஒரே இடத்தில், ஒரே காலத்தில், ஒன்றை மட்டும் வேறாக்கி, ஒப்பிட்டு எண்ணும் முறையை உலகத்தின் பல பெரிய ஆஸ்பத்திரிகள் கைக்கொள்வதற்கு முன்னரே, கோலாலம்பூரின் ஒரு மூலையில் ஒருவர் செய்து காட்டினார். மற்றொன்று துயரம். அந்த 18 பேரை யார் கேட்டனர்? சித்தம் கலங்கியவர்கள், வாய் பேச வழியற்றவர்கள், தம் தட்டில் விழும் அரிசி இன்னதென்று அறியாதவர்கள். ஒற்றைப்படை எண்ணில் நின்றதே அவர்கள் செய்த குற்றம். இன்று எந்த நாட்டுச் சட்டமும் ஏற்காத முறை இது. உலகம் பெற்ற ஓர் அறிவுக்கு அவர்கள் உயிர் விலையாயிற்று. அவர்கள் பெயரை நாம் அறியோம். ஆதலின் அந்த அறிவை வீணாக்காதிருப்பதே நாம் அவர்க்குச் செய்யும் அஞ்சலியாகும்.

1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், ஜெலுபு வட்டாரத்துத் துரியான் தீப்புஸ் காட்டில் பாதை வெட்டிய 300 ஜாவானியத் தொழிலாளரிடையே இச்சோதனையைத் திரும்பச் செய்தனர். அரிசியை மாற்றிய இடமெல்லாம் நோயும் கூடவே மாறிற்று. தீட்டுவதால் நீங்கும் தவிட்டிலேயே காக்கும் பொருள் உளது என்று அவர்கள் நிறுவினர். அப்பொருளை 1926இல் ஜான்சன், டோனாத் என்னும் இருவர் பத்தாவியாவில் தூய வடிவிற் பிரித்தெடுத்தனர். 1936இல் செயற்கையாய் ஆக்கும் வழியைக் கண்ட ராபர்ட் வில்லியம்ஸ் நெல்லூரிற் பிறந்தவர். நெல்லின் பெயர் தாங்கிய ஊரிற் பிறந்தவரே நெல்லின் மறைபொருளை வெளிப்படுத்தினார். தயாமின் என்றும், வைட்டமின் பி1 என்றும் அதனை இன்று வழங்குகின்றோம்.

இச்சத்தின் குறைவு காலை மட்டும் கெடுப்பதன்று. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபின், சாங்கி முகாமில் தீட்டிய அரிசியையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த கைதிகளிடையே வைத்தியர்கள் வேறொரு நோயைக் கண்டனர். கண் அலைபாயும், நினைவு தப்பும், மனம் குழம்பும். டி வார்டனர், லெனாக்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் இவ்வகை நோயாளர் 52 பேரைப் பற்றி 1947இல் எழுதினர். தட்டிலே ஒரு சத்துக் குறைந்தது, சித்தம் கலங்கிற்று. பேயுமன்று, பில்லியுமன்று, முன்வினையுமன்று. சோற்றுக்கும் சித்தத்துக்கும் இடையே சுவர் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மருந்தாக வந்த உணவு, உணவோடு மோதிய மருந்து

இனிக் கீட்டோவின் பிறப்பைக் காண்போம். அது இளைப்பதற்காகப் பிறந்த முறையன்று. 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்து வைத்தியர் வைல்டர், காக்கைவலிப்பால் வருந்துவோர்க்காக வகுத்த முறை அது. பட்டினி கிடந்தால் வலிப்புக் குறைகின்றது என்பது அதற்கு முன்னரே அறிந்த செய்தி. பட்டினியின் பயனைப் பட்டினியின்றிப் பெற வழியுண்டோ என்று அவர் எண்ணினார். 1938இல் பெனிட்டாயின் என்னும் மாத்திரை வரவே, எடை போட்டு உண்ணும் இக்கடினமான முறை பின்தங்கிற்று. ஆயினும் மருந்துக்கு அடங்காத வலிப்புடைய குழந்தைகளுக்கு அது மீண்டும் கைகொடுத்தது. இலண்டனில் 145 குழந்தைகளைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2008இல் வெளியாயிற்று. இவ்வுணவு கொண்ட குழந்தைகளில் 100க்கு 38 பேருக்கு வலிப்புப் பாதிக்குமேற் குறைந்தது. கொள்ளாதவரில் 100க்கு 6 பேருக்கே அவ்வாறு குறைந்தது. பிளெட்சரின் முறைதான் இதுவும். ஆனால் இம்முறை பெற்றோரைக் கேட்டு, வைத்தியர் கண்காணிக்கச் செய்யப்பட்டது. கீட்டோ மருந்தாகப் பயன்பட்ட இடத்திலெல்லாம் வைத்தியர் அருகில் நின்றார் என்பதை மறவற்க.

மனச்சோர்வு மருந்தின் பிறப்பும் தற்செயலானதே. 1952இல் நியூயார்க்கின் கடலோர ஆஸ்பத்திரி ஒன்றில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் என்னும் மருந்து, படுத்துக் கிடந்தவர்களைக் களிப்போடு எழுந்து நடமாடச் செய்தது. 1957இல் அது மனச்சோர்வுக்கும் மருந்தாயிற்று. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் கூன் என்னும் வைத்தியர் இமிப்பிரமின் என்னும் மற்றொரு மருந்தின் குணத்தைக் கண்டார். தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் திறக்கப்பட்டு, இன்று பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்னும் பெயர் தாங்கி நிற்கும் பெரிய மனநோய் ஆஸ்பத்திரியிலும், உலகத்திலுள்ள ஏனையவற்றிலும், பூட்டும் சுவருமே வைத்தியமாயிருந்த காலம் இத்தகைய மருந்துகளால் மாறத் தொடங்கிற்று.

ஆனால் இம்மருந்துகள் வந்தவுடனே உணவும் தன் கணக்கைக் கேட்டது. இப்ரோனியாசிட் வகையைச் சேர்ந்த மருந்து உண்டோரில் சிலர் திடீரெனக் கொடிய தலைவலியும் இரத்தக் கொதிப்பும் கண்டு வீழ்ந்தனர், சிலர் மாண்டனர். காரணம் விளங்கவில்லை. மருந்தாளர் ஒருவர், தம் மனைவிக்குப் பாற்கட்டி உண்ட போதெல்லாம் இது நேர்ந்ததென்று கடிதம் எழுதினார். முதலில் அதனை நகைத்தவர்களும் உண்டு. 1963இல் இலண்டனில் பிளாக்வெல் என்னும் இளம் வைத்தியர் ஆராய்ந்து, அம்மனைவியின் அனுபவம் மெய்யென்று காட்டினார். நாட்பட்டுப் புளித்த உணவிலுள்ள டைரமின் என்னும் பொருளை உடம்பு அழிப்பதை இம்மருந்து தடுத்துவிடுகின்றது. நாட்பட்ட பாற்கட்டியேயன்றி மார்மைட், சோயாக் குழம்பு, பெலாச்சான் போன்றவையும் அவ்வகை மருந்து உண்போர்க்கு ஆகா. அவ்வகை மருந்து இன்று அருகிவிட்டது, முற்றும் ஒழிந்துவிடவில்லை. சோற்றை விட்டவர் பாற்கட்டியையே நம்பி வாழ்கின்றார் என்பதை இதனோடு சேர்த்து எண்ணுக.

உப்பின் கதையும் ஒன்றுண்டு. 1949இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கேட் என்னும் வைத்தியர், வெறிகொண்ட மனநோய்க்கு லித்தியம் என்னும் உப்புப் பயன்படுதலைக் கண்டார். அதே ஆண்டில் அமெரிக்காவில், உப்பை விலக்கிய இருதய நோயாளர் லித்தியத்தைச் சமையல் உப்புக்குப் பதிலாய்த் தூவி உண்டு, சிலர் உயிரிழந்தனர். உடம்பிற் சோடிய உப்புக் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாது பிடித்து வைத்துக்கொள்ளும், அது நஞ்சாகும். கீட்டோ தொடங்கிய முதல் வாரங்களில் உடம்பிலிருந்து நீரும் உப்பும் மிகுதியாய்க் கழிகின்றன. லித்தியம் உண்பவர் ஒருவர் யாரையும் கேளாமற் சோற்றை விட்டால் நேரக்கூடிய இடர் இதனால் விளங்கும்.

கூடலாமா, கூடாதா?

இன்று பெரும்பாலோர்க்குக் கொடுக்கப்படுவது புளுவொக்செட்டின் போன்ற பிற்கால மருந்து. இதற்கும் கீட்டோவுக்கும் பாற்கட்டியைப் போன்ற நேர்ப்பகை கிடையாது. வைத்தியர் அறிய இரண்டையும் ஒருங்கே கொள்பவர் உளர். இவ்வுணவே மனத்தைத் தெளிவிக்கும் என்போரும் இன்று பலர். 2024இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் கடுமையான மனநோயுடைய ஏறக்குறைய இருபது பேருக்கு நான்கு திங்கள் இவ்வுணவைக் கொடுத்து, நற்பயன் கண்டதாய் வெளியிட்டனர். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அங்கே ஒப்பிடுவதற்கு மறு வரிசை இல்லை. இரட்டைப்படை எண் இல்லை. அன்றியும், அவர்கள் தங்கள் மருந்தை நிறுத்தாமலே இவ்வுணவை உண்டனர். இச்செய்தியைப் பிறர்க்கு எடுத்துரைப்போர் இந்த ஒன்றையே விட்டுவிடுகின்றனர்.

நம்மோடு தொழில் செய்யும் தோழர் ஒருவரின் அனுபவத்தை, அவர் இசைவோடு சொல்கின்றோம். அவர் ஈராண்டாய் மாத்திரை உண்டவர். பலரைப் பார்த்துச் சோற்றை விட்டார். முதல் வாரம் தலைசுற்றலும் உறக்கமின்மையும் இருந்தன. மூன்றாம் வாரம் உடம்பு இலேசாயிற்று; மனமும் இலேசாயிற்று. ‘சோறுதான் நோய், இனி மாத்திரை எதற்கு?’ என்று ஒரே நாளில் அதனையும் எறிந்தார். இரண்டாம் திங்களில் படுக்கையைவிட்டு எழ மனமில்லாமற் கிடந்தார். வேலைக்கு வரவில்லை, பிள்ளைகளோடு பேசவில்லை. ‘கண்ணேறு’ என்று அவருடைய மாமியார் மிளகாய் சுற்றினார். தங்கையார் ஒருவரே துணிந்து சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். வைத்தியர் திட்டவில்லை. மருந்தைச் சிறுகத் தொடங்கி, உணவையும் கேட்டறிந்து, பருப்பும் கீரையும் அளவான புழுங்கலரிசியும் கூட்டி ஒழுங்கு செய்தார். இன்று அவர் நலமாயிருக்கின்றார்.

இம்மருந்துகளைத் திடீரென நிறுத்துவோர்க்குத் தலைசுற்றலும் படபடப்பும் தலையில் மின்னல் பாய்வது போன்ற உணர்ச்சியும் தோன்றலாம். சில நாளிலோ சில திங்களிலோ பழைய நோயும் திரும்பலாம். கீட்டோவின் தொடக்கத்திலும் தலைசுற்றலும் படபடப்பும் உண்டாதலின், எது எதனால் வந்ததென்று அறிய முடியாமற் போகின்றது. இரண்டு பேரேட்டை ஒரே நாளில் திருத்தியவன் பிழை எதிலென்று காணமாட்டான். நீரிழிவுக்கு இன்சுலின் போடுவோர்க்கு இவ்வுணவால் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்துவிடலாம். சில புதிய நீரிழிவு மாத்திரைகளோடு இது கூடினால் இரத்தத்தில் புளிப்பேறி உயிருக்கே இடர் நேரலாம். நீரிழிவும் மனச்சோர்வும் ஒருங்கே உடையவர் நம்மவரிற் பலர் அல்லரோ?

ஆகவே விடை இதுவாகும். கூடலாம், மறைவிற் கூடலாகாது. உணவை மாற்ற விரும்புவோர் வைத்தியரிடம் மூன்று செய்திகளைச் சொல்லுக: உண்ணும் மருந்துகள் யாவும்; தட்டில் மாற்றப்போவது இன்னதென்பது; முன்னர் மனம் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பது. மருந்தைத் தாமே நிறுத்தற்க. வாரந்தோறும் உறக்கம், மனநிலை, எடை மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. வீட்டார் ஒருவரையேனும் சாட்சியாக வைத்துக்கொள்க. தாழும்போது தாழ்ந்தவனுக்கே அது தெரிவதில்லை.

அரசாங்க சுகாதார நிலையத்தில் குடிமக்கள் ஒரு வெள்ளி கொடுத்து வைத்தியரைக் காணலாம். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவும் 2023இல் நீக்கப்பட்டது. சட்டமே வெட்கத்தைக் கைவிட்ட பின்னர், நாம் மட்டும் அதனை ஏன் சுமக்க வேண்டும்? காலில் பெரிபெரி கண்டவன் பாவியல்லன், தவிடு கிடைக்காதவன். மனஞ் சோர்ந்தவனும் பாவியல்லன், நோயாளி. பழைய மூடநம்பிக்கை மிளகாய் சுற்றிற்று. புதிய மூடநம்பிக்கை எண்ணிப் பாராமற் சோற்றைச் சபிக்கின்றது.

கோலாலம்பூர் விடுதியில் ஒற்றைப்படை எண்ணில் நின்றவர்களிடம், அவர்கள் தட்டில் விழுவது இன்னதென்று ஒருவரும் சொல்லவில்லை. நம்மிடம் சொல்ல ஆள் இருக்கின்றது. கேட்க வாயும் இருக்கின்றது. சோற்றை மாற்றுமுன் கேட்போம். மருந்தை நிறுத்துமுன்னும் கேட்போம்.